இது குதிரை, இதி குர்ரம்: மூளை அறுவைக்கு முன் என் பேச்சைத் தேடிய கதை

விருதுநகரில் ஒரு மிளகாய் மண்டியில் 17 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். கணக்கு என்பது பேருக்குத்தான். காலை 9 மணிக்குப் போனை எடுத்தால் ராத்திரி 8 மணி வரை பேச்சுதான் வேலை. குண்டு வத்தல் என்ன விலை, சம்பா எத்தனை மூட்டை இறங்கியிருக்கிறது, லாரி எங்கே நிற்கிறது என்று ஒரு நாளைக்கு 100 பேரிடமாவது பேசுவேன். 2022 தை மாதம் ஒரு நாள், தூத்துக்குடி வியாபாரி ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது ‘மல்லி’ என்ற சொல் வாயில் வரவில்லை. மூட்டை கண்ணெதிரில் இருக்கிறது, வாசனை மூக்கில் ஏறுகிறது. "அண்ணாச்சி, அந்த... அந்த..." என்பதற்கு மேல் நகரவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம் தானாகச் சரியானது. தூக்கம் போதவில்லை என்று விட்டுவிட்டேன்.

அது போல மூன்று தடவை வந்தது. மூன்றாவது தடவை வலது கை விரல்கள் துடித்து, வாய் ஒரு பக்கம் இழுத்தது. மனைவி பார்த்துவிட்டாள். மறுநாளே மதுரைக்குக் கூட்டிப்போனாள். முதலில் சி.டி., அப்புறம் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. மூளையின் இடது முன்பக்கத்தில் சுமார் 4 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி. பார்த்தால் மெதுவாக வளரும் வகை மாதிரி இருக்கிறது, எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகும் என்றார்கள். சொல் வராமல் நின்ற அந்த ஒவ்வொரு நிமிடமும் ஒரு சிறு வலிப்பு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கை கால் வெட்டி இழுத்து, நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நான் நினைத்திருந்தேன். திடீரென்று பேச்சு நின்று திரும்ப வந்தால், ஒரு தடவையாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

நான் முதலில் பார்த்த மருத்துவர் அறுவை செய்து எடுத்துவிடலாம் என்றார். "பேச்சு கொஞ்சம் பாதிக்கலாம்" என்றும் சொன்னார். கொஞ்சம் என்றால் எவ்வளவு சார் என்று கேட்டேன். அதற்குப் பதில் கிடைக்கவில்லை. பேசிப் பிழைக்கிற ஒருவனுக்கு அந்தக் ‘கொஞ்சம்’ அரை வாழ்க்கை. சென்னையில் இருக்கிற மச்சினன் இன்னொரு அறுவை நிபுணரிடம் கூட்டிப்போனான். அவர் படத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டது, "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?"

எங்கள் வீட்டில் தெலுங்கு. பல தலைமுறைக்கு முன்னால் வந்து கரிசல் பக்கம் குடியேறிய குடும்பம். அம்மாவிடமும் அக்காவிடமும் தெலுங்கு. மனைவியிடம் பாதி தெலுங்கு, பாதி தமிழ். பிள்ளைகளிடமும் மண்டியிலும் தமிழ். தெலுங்கு எனக்குப் பேச மட்டும்தான் தெரியும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இதையெல்லாம் அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வி, "எந்தக் கை?"

"வலது கை" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா உடனே மறித்தாள். "இல்ல சார், இவன் பிறவி இடது கை. ஒண்ணாப்புல வாத்தியார் அடிச்சு மாத்துனாரு. சாப்பாட்டுக்கு நானே கையில சூடு போட்டேன்." எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவர் ஒரு படிவத்தை எடுத்தார். எழுதுவது, பந்து எறிவது, பல் தேய்ப்பது, கத்தரி பிடிப்பது, தீக்குச்சி கிழிப்பது, துடைப்பத்தில் எந்தக் கை மேலே இருக்கும் என்று வரிசையாகக் கேள்விகள். எழுதுவதும் சாப்பிடுவதும் மட்டும்தான் எனக்கு வலது. மிச்சம் எல்லாமே இடது.

இது ஏன் முக்கியம் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வலது கைக்காரர்களில் ஏறத்தாழ 100-க்கு 95 பேருக்குப் பேச்சின் பெரும்பங்கு மூளையின் இடது பாதியில் இருக்கும். இடது கைக்காரர்களில் அது 100-க்கு 70 பேர் என்ற அளவுக்கு இறங்கும். மீதிப் பேருக்கு வலது பக்கமோ, இரண்டு பக்கமுமோ. கட்டி இடது பக்கம் இருக்கும்போது, பேச்சு எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. நம் ஊரில் சோற்றுக் கையும் எழுதுகிற கையும் அடித்து மாற்றப்பட்டவர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள். ‘எழுதுவது வலது’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால், மருத்துவருக்குத் தப்பான விவரம் போய்ச் சேர்கிறது. போகும்போது உங்களைச் சின்ன வயதில் பார்த்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மூளையில் பேச்சுக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பாரிசில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் 1861-ல் எடுத்துக் காட்டினார். அவரிடம் வந்த ஒரு நோயாளிக்கு மற்றவர் சொல்வது புரியும், ஆனால் வாயைத் திறந்தால் ‘டான்’ என்ற ஓசை மட்டும்தான் வரும். அவர் இறந்தபிறகு பார்த்ததில் இடது முன்பக்கத்தில் சேதம் இருந்தது. 1874-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ளும் இடம் இன்னும் பின்னால், காதுக்கு மேலே இருக்கிறது என்று எழுதினார். பாடப்புத்தகப் படம் இதோடு நின்றுவிடுகிறது. "புத்தகத்தை நம்பி நான் கத்தி வைக்க முடியாது" என்றார் மருத்துவர். அமெரிக்காவின் சியாட்டிலில் ஜார்ஜ் ஓஜெமன் என்ற அறுவை நிபுணர் 117 நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் நேரடியாகத் தொட்டுப் பார்த்து 1989-ல் எழுதினாராம். பெயர் சொல்லும் இடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பல பேருக்கு அது ஒன்றிரண்டு சதுர சென்டிமீட்டர் திட்டுதான். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு, இரண்டுக்கும் பொதுவான இடமும் இருக்கிறது, ஒரு மொழிக்கு மட்டுமான இடமும் இருக்கிறது என்று அவரும் ஹாரி விட்டேக்கர் என்பவரும் 1978-லேயே சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் முதல் கேள்வியே வீட்டு மொழி.

முன்காலத்தில் பக்கத்தைக் கண்டுபிடிக்க வேறு வழி இருந்தது. ஜுன் வாடா என்ற ஜப்பானிய மருத்துவர் 1949-ல் ஆரம்பித்து, பிறகு கனடாவின் மாண்ட்ரியலில் வளர்த்த முறை. கழுத்து ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு, மயக்க மருந்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் அனுப்புவார்கள். பாதி மூளை சில நிமிடம் தூங்கும். அந்த நேரத்தில் பேச வருகிறதா என்று பார்ப்பார்கள். இன்றும் தேவைப்படும் இடங்களில் செய்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. எனக்குச் சொன்னது எஃப்.எம்.ஆர்.ஐ., மூளை வேலை செய்யும்போதே எடுக்கிற எம்.ஆர்.ஐ.

மிஷின் அதேதான், அதே குழாய், அதே சத்தம். வித்தியாசம் என்னவென்றால், உள்ளே படுத்துக்கொண்டு நாம் வேலை செய்ய வேண்டும். மூளையில் ஓர் இடம் வேலை செய்தால் அங்கே ரத்தம் கூடுதலாக ஓடி வருகிறது. தேவைக்கு மேலேயே வருவதால் அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தின் பங்கு கூடுகிறது. ஆக்சிஜனை இழந்த ரத்தத்துக்கு லேசான காந்தக் குணம் உண்டு, ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கு அது இல்லை. இந்த வேறுபாட்டை எம்.ஆர்.ஐ. படத்தில் பிடிக்கலாம் என்று செய்ஜி ஓகாவா என்ற விஞ்ஞானி 1990-ல் காட்டினார். ஊசியோ சாயமோ வேண்டாம், நம் ரத்தமே சாயம். ஆனால் அந்த மாற்றம் மிகச் சின்னது, 100-க்கு ஒன்றிரண்டு பங்கு. அதுவும் நாம் யோசித்த நொடியில் வருவதில்லை, ஐந்தாறு வினாடி கழித்துத்தான் உச்சத்துக்கு வருகிறது. அதனால் 30 வினாடி வேலை, 30 வினாடி ஓய்வு என்று திரும்பத் திரும்பச் செய்யவைத்து, இரண்டையும் கணக்குப் போட்டுக் கழித்துப் பார்க்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டு உள்ளே போனவன் ஒழுங்காகச் செய்வான் என்பது என் அனுபவம். புரியாமல் போனால் எதற்கு இந்தப் பாடு என்ற எரிச்சல்தான் வரும்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் ஒத்திகை. என் கதையில் மிக முக்கியமான நாள் அதுதான். பேச்சு சிகிச்சை நிபுணர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். ஒரு கட்டுப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, என்ன என்று கேட்டார். முறத்தின் படம் வந்தது. நான் "சொளகு" என்றேன். அவர் பட்டியலைப் பார்த்தார். அதில் ‘முறம்’ என்று இருந்தது. துடைப்பத்தை "விளக்குமாறு" என்றேன். மேசையை "டேபிள்" என்றேன். எனக்குக் கூச்சமாகிவிட்டது, படித்தவர் முன்னால் தப்பாகச் சொல்கிறோமோ என்று. அடுத்த படத்துக்கு மெனக்கெட்டு நல்ல தமிழில் யோசித்துச் சொன்னேன். அவர் படங்களைக் கீழே வைத்துவிட்டார். "சார், இது பரீட்சை இல்லை. வீட்டில் வாயில் எது வருகிறதோ அதுதான் சரி. பின்னாடி ஆபரேஷன் டேபிளில் நீங்கள் ‘சொளகு’ என்று சொல்லி, என் தாளில் ‘முறம்’ என்று இருந்தால், மருத்துவர் தப்பான இடத்தில் குறி வைத்துவிடுவார்" என்றார். பட்டியலை அடித்து எழுதினார். நான் தயங்கிய படங்களை எல்லாம் எடுத்துவிட்டார். நோய் இல்லாத நேரத்திலேயே எனக்குத் தெரியாத பொருளை வைத்து என்ன சோதிப்பது?

தெலுங்குக்கு அவரிடம் பட்டியலே இல்லை. அம்மாவையும் என்னையும் உட்காரவைத்து அங்கேயே தயாரித்தார். தமிழும் தெலுங்கும் நெருங்கிய உறவு. உப்பு இரண்டிலும் உப்புதான். பாம்பு அங்கே பாமு. மூக்கு அங்கே முக்கு. இந்த மாதிரிச் சொற்களைக் கொடுத்தால் எந்த மொழியில் யோசிக்கிறேன் என்று பிரிக்க முடியாது. அதனால் நன்றாக வேறுபடுகிற சொற்களாகத் தேடினோம். நாய் – குக்க. மரம் – செட்டு. வீடு – இல்லு. பூனை – பில்லி. கதவு – தலுப்பு. குதிரை – குர்ரம். எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியாததால் படிக்கிற பயிற்சி தமிழில் மட்டும். தெலுங்கில் படமும், காதால் கேட்பதும். கேட்பதற்கு அம்மா ஒரு கதை சொல்லி என் போனிலேயே பதிவு செய்தாள். சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தூங்கவைத்த கதை. அதை ஸ்கேனில் நேராக 30 வினாடி, தலைகீழாகத் திருப்பி 30 வினாடி போடுவார்களாம். திருப்பிப் போட்டால் குரல் இருக்கும், பொருள் இருக்காது. இரண்டையும் கழித்தால் பொருள் புரிந்துகொள்கிற வேலை மட்டும் மிஞ்சும்.

இன்னொரு பயிற்சி, ஓர் எழுத்தைக் காட்டி அதில் தொடங்கும் சொற்களை மனதுக்குள் சொல்லச் சொல்வது. ‘க’ என்று காட்டினால் ‘கடை’ சொல்லலாம். ‘காக்கா’ சொல்லலாமா? ‘கிளி’? ஒத்திகையில் இதைக் கேட்டுத் தீர்த்துக்கொண்டோம். சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இப்படி ஒரு சந்தேகம் குழாய்க்குள் போய் வந்தால் 30 வினாடியும் சந்தேகத்திலேயே போய்விடும்.

உங்களுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், ஒத்திகை உண்டா, என் மொழியில் உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். பட்டியல் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கிறது என்றால், எங்களை மாதிரி உட்கார்ந்து தயார் செய்ய ஒரு நாள் கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். கட்டணமும் சாதாரண எம்.ஆர்.ஐ.யோடு சேர்ந்ததா, தனியா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஸ்கேன் அன்று காலை காபி வேண்டாம் என்றார்கள், மூளை ரத்த ஓட்டத்தை அது மாற்றுமாம். வலிப்பு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போடச் சொன்னார்கள். இடுப்பில் வெள்ளி அரைஞாண், கையில் செம்புக் காப்பு, கழுத்தில் தாயத்து எல்லாவற்றையும் கழற்றினேன். அரைஞாணைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்து ஒருவர் எனக்கு முன்னால் அரை மணி நேரம் வாதாடிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டுப் போவது நல்லது. கண்ணாடி போடுகிறவர்கள் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். என் பவருக்கு பிளாஸ்டிக் பிரேமில் ஒன்று மாட்டிவிட்டார்கள், இல்லையென்றால் திரை மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

காதில் அடைப்பு, அதற்கு மேல் ஹெட்போன். தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு மெத்தை வைத்து இறுக்கினார்கள். முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்று, அதில் ஒரு சின்னக் கண்ணாடி. அது வழியாகப் பார்த்தால் கால் பக்கம் இருக்கிற திரை தெரியும். கையில் ஒரு ரப்பர் பந்து, முடியவில்லை என்றால் அமுக்க. அந்தப் பந்து கையில் இருக்கிறது என்ற தைரியமே எனக்குப் போதுமானதாக இருந்தது, கடைசி வரை அமுக்கவில்லை.

முதலில் விரல்களை மடக்கி விரிப்பது. அது சுலபம். அப்புறம் சொற்கள். திரையில் ‘கத்தி’ என்று வரும், அதை வைத்துச் செய்கிற வேலையை மனதுக்குள் சொல்ல வேண்டும். வெட்டு, நறுக்கு, அறு. ‘பேனா’ என்றால் எழுது. வாயைத் திறக்கக் கூடாது, உதடு நாக்கு அசையக் கூடாது. கூட்டல் குறி வந்தால் ஓய்வு.

முதல் சுற்று முடிந்ததும் ஹெட்போனில் குரல் வந்தது. "சார், தலை அசைகிறது. திரும்பச் செய்யலாம்." அசைத்த ஞாபகமே எனக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால், சரியான சொல் கிடைத்ததும் ஆமாம் என்று லேசாகத் தலையாட்டியிருக்கிறேன். மண்டியில் போனில் பேசும்போதும் தலையாட்டிக்கொண்டேதான் பேசுவேன். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அசைந்தாலே கணக்கு கெட்டுவிடும். இரண்டாவது சுற்றில் தாடையைத் தளர்த்தி, நாக்கைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அது உதவியது. அங்கே போகிற யாருக்கும் நான் சொல்கிற முதல் உபாயம் இது. முந்தின ராத்திரி வீட்டில் படுத்துக்கொண்டு, தலையணைக்கு இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, பத்து நிமிடம் தலையாட்டாமல் மனதுக்குள் பேசிப் பாருங்கள்.

அசைவதை விடப் பெரிய சிக்கல் ஓய்வு நேரம். கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. விட்டுப்போன சொல்லைத் தேடுகிறேன், அந்த நேரத்தில் மண்டி பாக்கி ஞாபகம் வருகிறது, மனதுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறேன். ஓய்விலும் பேச்சு, வேலையிலும் பேச்சு என்றால் கழித்த பிறகு மிஞ்சுவது என்ன? மூன்றாவது சுற்றுக்கு முன்னால் நானே மைக்கில் சொன்னேன், ஓய்வில் எனக்கு மனசு நிற்கவில்லை என்று. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தச் சுற்றையும் திரும்பச் செய்தார்கள். கூட்டல் குறியின் கோடு எங்கே வெட்டுகிறது என்று அதையே பார்க்கச் சொன்னார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது படுத்திருக்கிற நமக்கு மட்டும்தான் தெரியும். சொல் வரவில்லை, தூக்கம் வந்துவிட்டது, வேறு மொழியில் யோசித்துவிட்டேன், எதுவானாலும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அந்தப் பிழை படத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அந்தப் படத்தை வைத்துத்தான் மண்டையைத் திறக்கப் போகிறார்கள்.

கடைசியில் அம்மாவின் குரல் வந்தது. மிஷின் சத்தத்துக்கு நடுவில், இத்தனை வருடம் கழித்து அந்தக் கதை. கண் நிறைந்து காதுப் பக்கம் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

நான்கு நாள் கழித்து மருத்துவர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிற மூளையில் ஆரஞ்சும் மஞ்சளுமாகத் திட்டுகள். ஒரு பட்டையை மவுசால் அவர் இழுத்தார், திட்டுகள் பெரிதாகிக் கட்டியைத் தொட்டன. மறுபக்கம் இழுத்தார், சுருங்கி விலகிப் போயின. எனக்குப் பகீரென்றது. எது நிஜம்? "இது போட்டோ இல்லை, கணக்கு" என்றார். எவ்வளவு உறுதியாகத் தெரிந்தால் நிறம் போடலாம் என்று எல்லை வைப்பது மனிதர்கள்தான். அதனால் ரிப்போர்ட்டில் ‘கட்டிக்கும் பேச்சுப் பகுதிக்கும் இடையே இவ்வளவு தூரம்’ என்று எழுதியிருந்தால், அதை அளவுகோலில் அளந்த தூரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் பேச்சில் பெரும்பங்கு இடது பக்கம்தான் இருந்தது. வலது பக்கமும் சின்னத் திட்டுகள் தெரிந்தன. தமிழும் தெலுங்கும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. தெலுங்குக்கு மட்டும் கட்டியின் கீழ் ஓரத்தில் தனியாக ஒரு சின்னப் புள்ளி. இதோடு டி.டி.ஐ. என்று இன்னொரு படமும் எடுத்திருந்தார்கள், அது மூளையின் இடங்களை இணைக்கிற நரம்புக் கற்றைகளைக் காட்டும். காதுப் பக்கத்திலிருந்து நெற்றிப் பக்கம் வில் மாதிரி வளைந்து போகும் ஒரு கற்றை பேச்சுக்கு முக்கியமானது. அது கட்டிக்குப் பின்னால் ஒதுங்கிப் போயிருந்தது. மேலே இருக்கிற திட்டைக் காப்பாற்றி, உள்ளே போகிற கற்றையை வெட்டிவிட்டால் பயனில்லை என்று விளக்கினார்.

அப்படியானால் இதை வைத்தே அறுவை செய்துவிடலாமா என்று கேட்டேன். முடியாது என்றார். நிறம் விழுந்த இடம் எல்லாம் பேச்சுக்கு இன்றியமையாத இடம் இல்லை, சில இடங்கள் கூட வேலை செய்பவை, அவை போனாலும் பேச்சு நிற்காது. அதைவிட ஆபத்தானது இன்னொன்று. கட்டியின் ஓரத்தில் ரத்தக்குழாய்களின் இயல்பே மாறியிருக்கலாம், அங்கே மூளை வேலை செய்தாலும் ரத்த ஓட்டம் கூடாமல் போகலாம். நிறம் இல்லை என்பதால் அங்கே ஒன்றும் இல்லை என்று நினைக்கக் கூடாது. போதாததற்கு, மண்டையைத் திறந்ததும் மூளை சற்றுத் தாழ்ந்து நகர்ந்துவிடும். அதனால் ஸ்கேன் வரைபடம் வழி காட்டும், தீர்ப்பு சொல்வது விழித்திருக்கும் நோயாளி. மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை நிபுணர் மூளை மேல் எண் எழுதிய சின்னச் சீட்டுகளை வைத்து வளர்த்த வழிதான் இன்றைக்கும் கடைசி வார்த்தை.

விழித்திருக்கும்போது அறுவை என்றதும் மனைவி மயங்காத குறை. மூளைக்கு வலி தெரியாது. தோலுக்கும் அதன் நரம்புகளுக்கும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். மண்டையைத் திறக்கும்வரை தூக்கம், அப்புறம் எழுப்பி, வேலை முடிந்ததும் திரும்பத் தூக்கம். எனக்குத் தெரிந்த வலி எல்லாம் ஒருக்களித்துப் படுத்ததில் தோளுக்கு வந்த வலிதான். தாகமும் எடுத்தது, பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்தார்கள்.

திரைக்கு இந்தப் பக்கம் அதே பேச்சு சிகிச்சை நிபுணர், கையில் அதே படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் "இது" சேர்த்துச் சொல்லப் பழக்கியிருந்தார். இது நாய். இது சொளகு. அந்த ‘இது’ எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தப் பக்கம் மருத்துவர் மெல்லிய மின்சாரம் வைத்து ஒவ்வோர் இடமாகத் தொடுகிறார். குதிரைப் படம். "இது... இது... இது..." குதிரை தெரிகிறது, ஓடுகிறது என்றுகூடத் தோன்றுகிறது, பெயர் மட்டும் இல்லை. மின்சாரத்தை எடுத்ததும் "குதிரை" என்று வந்து விழுந்தது. ‘இது’ வந்து பெயர் வராவிட்டால் அது பெயர் தேடும் இடம். இன்னோர் இடத்தில் தொட்டபோது ‘இது’ கூட வரவில்லை, வாய் மொத்தமாக நின்றது. இரண்டும் வேறு வேறு. இரண்டிலும் எண் சீட்டு வைத்தார்கள்.

அப்புறம் கீழ் ஓரம், அந்தத் தனிப் புள்ளி. பேச்சு நிபுணர் தமிழில் கேட்டார், "இது குதிரை" என்றேன். அதே இடத்தில் மருத்துவர் மறுபடி தொட, அவர் தெலுங்கில் கேட்டார். "இதி... இதி..." அவ்வளவுதான். மூன்று தடவை செய்து பார்த்தார்கள், மூன்றிலும் அப்படியே. திரைக்கு அந்தப் பக்கம் மருத்துவர், "சரி, அங்கே நான் போகவில்லை" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஒத்திகையில் அம்மா வந்து உட்காராமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் தமிழை மட்டும் கேட்டிருப்பார்கள். பதில் சரியாக வந்திருக்கும். எடுத்திருப்பார்கள்.

இடையில் ஒரு தடவை வலது கை துடித்தது. சில்லென்று ஏதோ ஊற்றினார்கள், அடங்கியது. குளிர்ந்த உப்புநீர் என்று பிறகு சொன்னார்கள். கட்டியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, அந்த ஓரத்தை விட்டுவைத்தார்கள். விட்டுவைத்தது சரியா என்று உறவுக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. இதை நானும் மருத்துவரும் முன்னாலேயே பேசி முடிவு செய்திருந்தோம். மிச்சம் வைத்தாலும் பேச்சு வேண்டும் என்பது என் பதில். அந்தப் பேச்சை அறுவைக்கு முன்னால், மனைவியையும் வைத்துக்கொண்டு, தெளிவாகப் பேசிவிடுங்கள்.

எழுந்த மறுநாள் பேச்சு முந்தியதைவிட மோசம். வீக்கத்தால் இப்படி ஆகும், சில வாரத்தில் திரும்பும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயந்தாலும் உடைந்துபோகவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வாரத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். நான்காம் நாள் அம்மா "நீள்ளு காவாலா நாயனா?" என்றாள், தண்ணீர் வேண்டுமாப்பா என்று. தலையாட்டினேன். அவள் டம்ளரை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து "காவால", வேண்டும், என்றேன்.

பரிசோதனையில் கிரேடு 2, மெதுவாக வளரும் வகை என்று வந்தது. அதற்குப் பிறகு கதிர்வீச்சு, மாத்திரைகள், அது வேறு ஒரு நீண்ட கதை. ஆறு வாரம் தினமும் பேச்சுப் பயிற்சி. நான்காவது மாதம் மண்டிக்குப் போனேன். இன்றும் அவசரத்தில் ஒரு சொல்லுக்கு நிற்கிறேன், வியாபாரிகள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ. அப்போதெல்லாம் அந்தப் படங்களையும் திரும்பக் காட்டிக் கேட்கிறார்கள், போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று ஒப்பிட. முதல் ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் அடித்து எழுதிய அந்தப் பட்டியலையும் ஒரே பையில் வைத்திருக்கிறேன்.

போன ஆவணியில் பேச்சு சிகிச்சை நிபுணர் போன் செய்தார். எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர், எங்களைப் போலவே வீட்டில் தெலுங்கு, எழுத்து தெரியாது, அவருக்கும் அறுவை. அம்மாவின் பதிவைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னேன். பழசு வேண்டாம், அதில் நடுவில் இருமியிருக்கிறேன் என்றாள். மத்தியானம் மிக்சி சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, கதவைச் சாத்திவிட்டு, என் போனை மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.